அறிவொளிக் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பகுத்தறிவை முன்னால் வைத்து ஓர் இயக்கம் எழுந்தது. பள்ளிப் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். வால்டேர், ரூசோ, மாண்டெஸ்கியூ என்று மூன்று பெயர் வரும், அடுத்த பக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்துவிடும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பெரியாரைப் படித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிப் போகிறவர்கள், சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் ஒரே அளவில் இருக்காது. எனக்குப் பிடித்த இடங்களில் கொஞ்சம் உட்கார்ந்துவிடுவேன்.

அறிவொளி இயக்கம் என்றால் 1990களில் இங்கே நடந்த எழுத்தறிவு இயக்கமா?

இல்லை. புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்களே, அது நம் ஊர் அறிவொளி இயக்கம். இங்கே பேசுவது அதற்கு இருநூறு ஆண்டு முந்தைய ஐரோப்பிய விவகாரம். குழப்பம் வராமல் இருக்க ‘அறிவொளிக் காலம்’ என்றே எழுதுகிறேன்.

எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது?

திறப்பு விழா எதுவும் நடக்கவில்லை. நியூட்டனின் ‘பிரின்சிபியா’ 1687-இல் வந்தது. ஜான் லாக்கின் முக்கியமான நூல்கள் அதற்கு இரண்டொரு ஆண்டுகளுக்குள் வந்தன. அங்கே தொடங்கி 1789 பிரெஞ்சுப் புரட்சி வரை என்று வைத்துக்கொள்ளலாம். பாரிஸ்தான் தலைநகர் என்பது பாதி உண்மை. எடின்பரோவில் டேவிட் ஹியூமும் ஆடம் ஸ்மித்தும் இருந்தார்கள், மிலானில் பெக்காரியா, பெர்லினில் மோசஸ் மெண்டல்சன், பால்டிக் கரையோரக் கோனிக்ஸ்பெர்க்கில் காண்ட். இவர்கள் ஒரே கட்சி இல்லை. வால்டேருக்கும் ரூசோவுக்கும் ஆகவே ஆகாது. இருந்தாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார், திட்டினார், பதில் எழுதினார்.

‘அறிவொளி என்றால் என்ன’ என்று முதலில் கேட்டது யார்?

காண்ட் என்றுதான் பலரும் சொல்வார்கள். அவர் பதில் சொன்னவர். கேட்டது ஒரு பாதிரியார், அதுவும் ஒரு கல்யாணத் தகராறில்.

1783-இல் பெர்லின் மாதப் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது: கல்யாணத்தைப் பாதிரியார்தான் நடத்திவைக்க வேண்டுமா, ஒப்பந்தம் என்றால் மற்ற ஒப்பந்தம் மாதிரி இதையும் செய்துகொள்ளக் கூடாதா? ஸோல்னர் என்ற பாதிரியார் கொதித்துப்போய் மறுப்பு எழுதினார். அறிவொளி என்ற பெயரில் ஆளாளுக்கு எல்லாவற்றையும் கலைக்கிறார்கள் என்பது அவர் புகார். அதில் ஓர் அடிக்குறிப்பு போட்டார்: அறிவொளி என்றால் என்ன என்று யாராவது முதலில் சொல்லித் தொலையுங்கள், இதுவரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை என்ற தோரணையில். மெண்டல்சனும் காண்டும் 1784-இல் பதில் எழுதினார்கள். உலகத்தில் தத்துவம் படிக்கிற எல்லோரும் இன்றுவரை படிக்கும் காண்டின் கட்டுரை, புரோகிதர் இல்லாத கல்யாணம் செல்லுமா என்ற சண்டையின் அடிக்குறிப்புக்கு வந்த பதில்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன காலம் நமக்கும் இருந்தது, 1967-இல் அண்ணா ஆட்சியில்தான் அதற்குச் சட்டத் திருத்தம் வந்தது. அந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் பேசப்பட்டதை பெர்லின்காரர்கள் கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

காண்ட் அப்படி என்னதான் சொன்னார்?

வளர்ந்த ஆளாக இருந்தும் இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறோம், காரணம் அறிவுக் குறைவு அல்ல, துணிச்சல் குறைவு என்றார். எனக்குப் பதிலாகப் புரிந்துகொள்ளப் புத்தகம் இருக்கிறது, எனக்குப் பதிலாக மனசாட்சியாக இருக்கப் பாதிரியார் இருக்கிறார், எதைத் தின்னலாம் என்று சொல்ல வைத்தியர் இருக்கிறார், நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று ஒரு சோம்பேறியைப் பேசவைக்கிறார். உன் அறிவைப் பயன்படுத்தத் துணி என்பது அவர் எடுத்துவைத்த வாசகம்.

ஆனால் அவர் புரட்சிக்காரர் இல்லை. ராணுவ அதிகாரி கட்டளைக்குக் கீழ்ப்படியத்தான் வேண்டும், வேலை முடிந்த பிறகு அந்தக் கட்டளை தப்பு என்று ஊரறியக் கட்டுரை எழுத உரிமை உண்டு. வரியைக் கட்டு, கட்டிவிட்டு வரி அநியாயம் என்று எழுது. அரசு ஊழியர் முகநூலில் எழுதலாமா கூடாதா என்று இன்று நடக்கும் விவாதம் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் நிற்கிறது.

அதற்கு முன்னால் உலகத்தில் யாரும் பகுத்தறிவோடு யோசிக்கவில்லையா?

யோசித்தார்கள். நம்மிடம் திருக்குறள் இல்லையா, சித்தர்கள் இல்லையா, சார்வாகர் இல்லையா என்று கேட்பவர்கள் கேட்பது நியாயமே. அரபு உலகத்தில் இப்னு ருஷ்து என்ற தத்துவ அறிஞர் இருந்தார். கருத்து புதிது என்று நான் சொல்ல மாட்டேன்.

கருத்துக்குக் கீழே இருந்த ஏற்பாடுதான் புதிது. அச்சகம், ஓரளவு ஒழுங்காக ஓடும் தபால், மாதப் பத்திரிகை, அறிவியல் சங்கம், முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் உட்காரும் காபிக் கடை. ஒரு ஞானி தனியாக யோசித்துச் சொன்ன நல்ல வார்த்தை ஏட்டில் கிடக்கலாம். ‘இது உனக்கு எப்படித் தெரியும், ஆதாரம் என்ன’ என்று அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்துப் பத்து ஊரிலிருந்து பத்துப் பேர் ஒரே மாதத்தில் கேட்பது வேறு. லண்டன் ராயல் சொசைட்டியின் குறிக்கோள் வாசகமே, யார் வாய்ச்சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே என்ற பொருளில் அமைந்தது.

காபிக் கடைக்கு அவ்வளவு முக்கியத்துவமா?

மன்னர் நினைத்தார். இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் இங்கிலாந்தின் காபிக் கடைகளை எல்லாம் மூடச் சொல்லி ஆணை போட்டார். அங்கே உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றிக் கண்டபடி பேசுகிறார்கள் என்பது காரணம். எதிர்ப்பு தாங்காமல் சில நாட்களிலேயே பின்வாங்கினார். லண்டனில் ஒரு பென்னி கொடுத்தால் காபியும் கிடைக்கும், செய்தித்தாளும் கிடைக்கும், சண்டைக்கு ஆளும் கிடைக்கும். நம் ஊர் டீக்கடை பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பாரிஸ் குடித்த காபி எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், அது அவ்வளவு இனிப்பான கதை இல்லை.

கலைக்களஞ்சியம் ஒரு புத்தகம்தானே? அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

ஒரு பாரிஸ் பதிப்பாளர், இங்கிலாந்தில் நன்றாக விற்ற இரண்டு தொகுதிக் கலைக்களஞ்சியத்தை பிரெஞ்சில் மொழிபெயர்த்து நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்தார். வேலையை டெனி திதரோ என்பவரிடமும் கணித அறிஞர் தாலம்பேரிடமும் ஒப்படைத்தார். 1751-இல் முதல் தொகுதி வந்தது. 1772-இல் முடிந்தபோது எழுத்து 17 தொகுதி, படங்கள் 11 தொகுதி, ஏறத்தாழ 72,000 கட்டுரை. நடுவில் திதரோவின் இளமை போய்விட்டது.

திதரோவின் அப்பா லாங்ர் என்ற ஊரில் கத்தி செய்கிறவர். அறுவை வைத்தியர்களுக்கான கத்திகளுக்குப் பேர்போனவர். மகன் படித்து அறிஞரானாலும் பட்டறையை மறக்கவில்லை என்பது என் எண்ணம். ஏனென்றால் அந்தக் கலைக்களஞ்சியத்தில் கடவுள், ஆன்மா, அரசியல் எல்லாம் இருக்கிற அதே வரிசையில் காலுறை பின்னும் எந்திரம் இருக்கிறது, கண்ணாடி ஊதுவது இருக்கிறது, குண்டூசி செய்வது இருக்கிறது. குண்டூசிக் கட்டுரையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பித்தளைக் கம்பியை இழுப்பது, நேராக்குவது, வெட்டுவது, கூராக்குவது, தலையைத் தனியாகச் சுற்றிப் பொருத்துவது என்று 18 வேலையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆடம் ஸ்மித் 1776-இல் தன் பொருளாதார நூலின் தொடக்கத்தில் வேலைப் பிரிவினைக்கு எடுத்துக்கொண்ட உதாரணமும் குண்டூசிதான், அவரும் 18 வேலை என்றே சொல்கிறார்.

கையால் வேலை செய்கிறவனுக்கு இருப்பது அறிவு, அதை எழுதிவைக்க வேண்டும் என்று ஓர் அறிஞர் கூட்டம் முடிவெடுத்தது சின்ன விஷயம் இல்லை. நம் ஊரில் தச்சரின் கணக்கும் தறிக்காரரின் கணக்கும் எத்தனை புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்று யோசித்தால் இதன் அளவு தெரியும்.

தணிக்கை விட்டுவைத்ததா?

விடவில்லை. 1759-இல் அரசு அச்சு உரிமையையே ரத்து செய்தது. வேடிக்கை என்னவென்றால் தணிக்கைத் துறைக்குத் தலைவராக இருந்த மால்ஷெர்ப் உள்ளுக்குள் இவர்கள் பக்கம். உன் காகிதங்களைப் பறிமுதல் செய்ய ஆணை போடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, ஒளித்துவைக்க இடம் இல்லையென்றால் என் வீட்டுக்கே அனுப்பிவிடு, அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்றாராம்.

எழுத்தாளர்களும் தந்திரம் செய்தார்கள். மனித மாமிசம் தின்பவர்கள் பற்றிய கட்டுரையின் கடைசியில் ‘காண்க: நற்கருணை, திருப்பலிபீடம்’ என்று குறிப்பு (நற்கருணை என்பது இயேசுவின் உடல் என்று நம்பி அப்பத்தை உண்ணும் சடங்கு). தணிக்கைக்காரர் கட்டுரையைப் படிப்பார், ‘காண்க’வைப் படிக்க மாட்டார்.

ஆனால் திதரோவை அழவைத்தது அரசு இல்லை, சொந்தப் பதிப்பாளர். கடைசிப் பத்துத் தொகுதிகளில் பிரச்சினை வரக்கூடிய வரிகளைத் திதரோ மெய்ப்புப் பார்த்து அனுப்பிய பிறகு அவருக்குத் தெரியாமலே பதிப்பாளர் வெட்டிக்கொண்டிருந்தார். 1764-இல் ஏதோ ஒரு கட்டுரையைப் புரட்டிப் பார்க்கும்போது திதரோவுக்கு விஷயம் தெரிந்தது. கைப்பிரதிகளை எரித்தும் விட்டார்கள். எழுதுகிறவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

இதில் யாருக்கும் தெரியாத ஒருவரையும் சொல்லிவிடுகிறேன்: லூயி த ஜொக்கூர். 72,000 கட்டுரையில் கிட்டத்தட்ட கால்வாசி, சுமார் 17,000, அவர் ஒருவர் எழுதியது. காசு வாங்கவில்லை. எழுத்தர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தன் வீட்டை விற்றார். அதை வாங்கியவர் அதே பதிப்பாளர்.

அறிவியலைச் சாதாரண ஜனங்கள் எப்படி நம்பினார்கள்?

வால்நட்சத்திரம் சொன்ன நாளில் வந்ததால். 1682-இல் தெரிந்த வால்நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பி வரும் என்று எட்மண்ட் ஹாலி கணித்துச் சொல்லிவிட்டு 1742-இல் இறந்துபோனார். 1758-இல் பாரிஸில் மூன்று பேர் உட்கார்ந்து வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுக்கும் என்று மாதக்கணக்கில் கையால் கணக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிக அருகில் வரும், ஒரு மாதம் முன்பின்னாகலாம் என்றார்கள். 1758 கிறிஸ்துமஸ் இரவு ஜெர்மனியில் ஒரு விவசாயி முதலில் பார்த்தார். சூரியனுக்கு மிக அருகில் வந்தது 1759 மார்ச் 13. அரசன் சாவுக்கு அறிகுறி என்று காலகாலமாகப் பயந்த ஒன்று, தபால் வண்டி மாதிரிக் கால அட்டவணையில் வந்து போனது.

இடி அப்படிச் சுலபமாக அடங்கவில்லை. இடி இடித்தால் கோயில் மணியை அடித்து விரட்டுவது ஐரோப்பிய வழக்கம். உயரமான கோபுரத்தில் ஈரக் கயிற்றைப் பிடித்து இழுத்தவர்கள் பலர் மின்னல் தாக்கிச் செத்தார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் 1752 வாக்கில் இடிதாங்கியைச் சொன்ன பிறகும் சண்டை ஓயவில்லை. பிரான்ஸில் செந்தோமேர் என்ற ஊரில் ஒருவர் 1780-இல் தன் வீட்டுப் புகைபோக்கி மேல் இடிதாங்கி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இது இடியை இழுத்து எங்கள் தலையில் போடும் என்று வழக்குப் போட, கழற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அவர் மேல்முறையீடு செய்தார். அறிவியல் பக்கம் நின்று வாதாடி 1783-இல் ஜெயித்துக் கொடுத்தவர் 25 வயது இளம் வக்கீல் ஒருவர். பெயர் ரோபஸ்பியர். அவரைப் பிறகு பார்ப்போம்.

செல்போன் கோபுரத்துக்கு எதிராகத் தெருவே திரண்டு மனுக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செந்தோமேர் நினைவு வரும்.

எல்லாமே ஐரோப்பாவின் சொந்தச் சரக்கா?

கிடையாது. அம்மைத் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்து இன்னொருவர் தோலைக் கீறித் தடவும் முறை துருக்கியில் கிழவிகள் கையில் இருந்தது. இங்கிலாந்துத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு அதை இஸ்தான்புல்லில் பார்த்துவிட்டு, 1721-இல் லண்டனில் தன் மகளுக்குச் செய்வித்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டனிலும் இதைச் செய்தார்கள், அங்கே அதை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தவர் ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. வங்காளத்திலும் இந்த வழக்கம் இருந்தது. ஐரோப்பியர்கள் செய்தது, எத்தனை பேருக்குப் போட்டோம், எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணி எழுதி அச்சிட்டது. எண்ணுவதும் ஒரு வேலைதான், ஆனால் கிழவிகளுக்கு உரிய பெயர் போய்ச் சேரவில்லை.

சட்டத்தில் என்ன மாறியது?

இந்தக் கேள்விக்குத் துலூஸ் நகரத்துத் துணி வியாபாரி ஜான் காலாஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். கத்தோலிக்க ஊரில் புராட்டஸ்டண்ட் குடும்பம். 1761 அக்டோபர் 13 இரவு மூத்த மகன் கடையில் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்றால் அன்றைய வழக்கப்படி பிணத்தைத் தெருவில் இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பயந்து குடும்பம் முதலில் யாரோ கொன்றுவிட்டார்கள் என்றது, பிறகு தூக்கில் தொங்கியதைச் சொன்னது. பேச்சை மாற்றியதும் ஊர் பிடித்துக்கொண்டது: மகன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், அப்பனே கொன்றுவிட்டான்! சித்திரவதை செய்தும் 63 வயதுக் காலாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 1762 மார்ச் 10 அன்று சக்கரத்தில் கட்டி எலும்பை உடைத்துக் கொன்றார்கள்.

வால்டேர் முதலில் இந்தச் செய்தியைக் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டார். பிறகு குடும்பத்தாரைப் பார்த்து விசாரித்தார், சந்தேகம் வந்தது. வயதான ஒருவர் திடகாத்திரமான இளைஞனைத் தனியாக எப்படித் தூக்கில் மாட்ட முடியும்? அதே இரவு வீட்டில் இருந்த கத்தோலிக்க வேலைக்காரி ஏன் உடந்தையாக இருக்க வேண்டும்? மூன்று ஆண்டு கடிதம் கடிதமாக எழுதினார், அமைச்சர்களைத் தொந்தரவு செய்தார், சகிப்புத்தன்மை பற்றி 1763-இல் ஒரு நூலே எழுதினார். 1765 மார்ச் 9 அன்று காலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. எழுத்தாளன் ஒருவன் வீட்டில் உட்கார்ந்தபடி நீதிமன்றத் தீர்ப்பைத் தலைகீழாக்கலாம் என்று ஐரோப்பா அப்போது பார்த்துக்கொண்டது.

இதற்கு நடுவில் 1764-இல் மிலானில் பெக்காரியா என்ற 26 வயது இளைஞர் பெயர் போடாமல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அவர் வாதம் எளிது: சித்திரவதை என்பது உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி அல்ல, உடம்பு பலமுள்ள குற்றவாளி தப்பிப்பான், பலவீனமான அப்பாவி மாட்டுவான். ஆஸ்திரியா 1776-இல் சித்திரவதையை ஒழித்தது. டஸ்கனி 1786-இல் மரண தண்டனையையே எடுத்துவிட்டது.

இங்கே நம் பக்கம் ஒரு கண்ணை வைக்க வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறது என்ற புகாரை விசாரித்த ஆணைக்குழு 1855-இல் அறிக்கை கொடுத்தது. விரலைக் கிட்டியில் வைத்து நசுக்கியது உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. பெக்காரியாவின் புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்துப் பாராட்டிய நாட்டின் கம்பெனி ஆட்சியில், 90 ஆண்டு கழித்து.

இது கடவுள் மறுப்பு இயக்கமா?

பெரும்பாலும் இல்லை. வால்டேர் பெர்னே என்ற ஊரில் கோயிலே கட்டினார், ‘வால்டேர் கடவுளுக்கு எழுப்பியது’ என்று முகப்பில் பொறித்தார். புனிதர் யாருக்கும் இல்லை, நேரடியாக மேலிடத்துக்கு என்ற குத்தல் அதில் உண்டு. மத பீடத்தின் அதிகாரத்தைத்தான் அவர்களில் பலர் எதிர்த்தார்கள். முழு நாத்திகர்களும் இருந்தார்கள், ஹோல்பாக் பிரபு மாதிரி. எல்லோரிலும் துணிச்சலானவர் என்று நான் நினைப்பது மெஸ்லியர் என்ற கிராமத்துப் பாதிரியாரை. வாழ்நாளெல்லாம் பூசை செய்துவிட்டு 1729-இல் இறந்தார். பெட்டியைத் திறந்தால் மதம் முழுக்கப் பொய், மன்னர்களும் குருமார்களும் சேர்ந்து ஏழையை ஏய்க்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தார். வால்டேர் 1762-இல் அதைச் சுருக்கி வெளியிட்டபோது நாத்திகத்தை வடிகட்டிவிட்டுக் கடவுள் நம்பிக்கையாளராக்கிவிட்டார்! மரண சாசனம் என்ற பெயரில் மெஸ்லியர் தமிழுக்கும் வந்திருக்கிறார், சுயமரியாதை இயக்கத்தார் கொண்டுவந்தது.

பெண்களுக்கு என்ன கிடைத்தது?

மூளையைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது, பெயர் போட அனுமதி அரிதாகக் கிடைத்தது. மேலே வால்நட்சத்திரக் கணக்குப் போட்ட மூவர் என்றேனே, அதில் ஒருவர் நிக்கோல் ரேன் லெபோட் என்ற பெண். குழுத் தலைவர் கிளேரோ பிறகு புத்தகம் போட்டபோது அந்தப் பெயரை விட்டுவிட்டார். எமிலி து ஷாத்லே நியூட்டனின் நூலை விளக்கத்தோடு பிரெஞ்சில் மொழிபெயர்த்துவிட்டு, பிரசவத்துக்குப் பின் 1749-இல் இறந்தார். முழு மொழிபெயர்ப்பு பத்தாண்டு கழித்து அச்சானது. ரூசோ 1762-இல் எழுதிய கல்வி நூலில் பெண் படிப்பது ஆணுக்குப் பிடித்தபடி நடந்துகொள்வதற்கு. முப்பது ஆண்டு கழித்து மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அதைப் பிரித்து மேய்ந்தார்.

ஒலாம்ப் த கூஜ் 1791-இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார், 1793-இல் அவர் தலையை வெட்டினார்கள். பிரான்ஸில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944-இல். சொத்துத் தகுதியோடுதான் என்றாலும் சென்னை மாகாணம் 1921-லேயே கொடுத்துவிட்டது.

சுதந்திரம் பேசியவர்கள் அடிமை முறையை எப்படிச் சகித்தார்கள்?

காபிக்கு வருவோம். பாரிஸில் குடித்த காபியும் அதில் போட்ட சர்க்கரையும் பெரும்பகுதி கரீபியக் கடலில் பிரான்ஸின் கையில் இருந்த சான் தொமாங் என்ற தீவுப் பகுதியிலிருந்து வந்தன. 1789 வாக்கில் அங்கே நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள். வால்டேரின் ‘காந்தீத்’ கதையில் கையும் காலும் வெட்டப்பட்ட ஓர் அடிமை, நீங்கள் ஐரோப்பாவில் சர்க்கரை தின்பதற்கு இதுதான் விலை என்கிறான். அதாவது தெரிந்திருந்தது. மாண்டெஸ்கியூ கிண்டல் செய்தார், கணித அறிஞர் கொண்டோர்செ ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். மறுபக்கம் லாக் அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். ஹியூமும் காண்டும் கறுப்பர்களைப் பற்றி எழுதிய சில வரிகளை இன்று படித்தால் குமட்டும். இது அந்தக் காலத்து வழக்கம் என்று தட்டிக்கழிக்க முடியாது, அதே காலத்தில் வேறு மாதிரி எழுதியவர்கள் இருந்தார்கள் இல்லையா?

பதிலை அடிமைகளே எழுதினார்கள். 1791 ஆகஸ்டில் தீவு எழுந்தது. பாரிஸ் 1794-இல் அடிமை முறையை ஒழித்தது, நெப்போலியன் 1802-இல் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். 1804 ஜனவரி 1 அன்று சான் தொமாங், ஹைட்டி என்ற பெயரில் சுதந்திர நாடானது. பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனத்தை அதன் எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள் அவர்கள்தான் என்பேன்.

பிரெஞ்சுப் புரட்சியை உண்டாக்கியது இந்தச் சிந்தனையாளர்களா?

ரொட்டி விலையும் அரசாங்கக் கடனும் உண்டாக்கின. சிந்தனையாளர்கள் பேசுவதற்குச் சொல் கொடுத்தார்கள். வால்டேரும் ரூசோவும் 1778-லேயே இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த கொண்டோர்செ புரட்சிக்காரர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்து 1794-இல் சிறையில் செத்தார். காவலரை ஏமாற்றித் திதரோவைக் காப்பாற்றிய மால்ஷெர்ப்பும் அதே ஆண்டு தலை இழந்தார். ஆட்சி அப்போது யார் கையில்? இடிதாங்கி வக்கீல் ரோபஸ்பியர் கையில். 1793-இல் நோத்ர்தாம் பேராலயத்தில் ஒரு பெண்ணைப் பகுத்தறிவுத் தேவியாக நிறுத்தி விழா எடுத்தார்கள். ரோபஸ்பியருக்கு அது பிடிக்கவில்லை, பதிலுக்கு ‘பரம்பொருள்’ விழா நடத்தினார். அடுத்த ஏழு வாரத்தில் அவர் தலையும் போனது. பகுத்தறிவுக்கே கோயில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் அரசியல் சட்டத்தில் இது இருக்கிறதா?

முகப்புரையில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் இருக்கின்றன. ஆனால் அம்பேத்கர் 1954-இல் வானொலியில் பேசும்போது, இவற்றைத் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்ததாகத் தெளிவாகச் சொன்னார். தேர்வில் ஒரு பதில்தான் டிக் செய்ய முடியும் என்பது தேர்வின் பிரச்சினை. 1976-இல் சேர்த்த 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் குணத்தையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்கியது.

சென்னைக்கு இந்தச் சிந்தனை வந்த வழி லண்டன். 1880களிலேயே இங்கே சுயசிந்தனையாளர் சங்கம் ஒன்று ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தியது. பெரியாரின் ‘குடி அரசு’ வந்தது 1925-இல்.

வால்டேருக்கும் பாண்டிச்சேரிக்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

உண்டு, அவருக்குப் பெருமை சேர்க்கிற தொடர்பு இல்லை. 1760-இல், இந்தியாவில் பணியாற்றிவிட்டு வந்த மோதாவ் என்ற அதிகாரி வால்டேரிடம் ஒரு கைப்பிரதியைக் கொடுத்தார். ‘எசூர் வேதம்’ என்று பெயர், பிரெஞ்சில் இருந்தது. சிலை வணக்கத்தைக் கண்டித்து ஒரே கடவுளைப் பேசும் இந்திய வேதம்! வால்டேருக்குத் தலைகால் புரியவில்லை. அலெக்சாண்டருக்கும் முந்தையது என்றார், பைபிளுக்கு வெளியே தூய பகுத்தறிவு மதம் இருந்ததற்குச் சாட்சி என்றார், மறு ஆண்டே அரசர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். காலாஸ் வழக்கில் ஒவ்வொரு சாட்சியையும் குடைந்த அதே ஆள், தனக்குப் பிடித்த முடிவைச் சொன்ன சாட்சியை ஒரு கேள்வி கேட்கவில்லை.

1778-இல் அது அச்சிலும் வந்தது. நாலு ஆண்டு கழித்து சொன்னரா என்ற பயணி, இது வேதம் இல்லை, மிஷனரி வேலை என்று எழுதினார். பிறகு இதைப் பொறுமையாகத் தோண்டியவர் நம் எல்லிஸ் துரை. திராவிட மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை என்று 1816-இல் எழுதிய அதே சென்னைக் கலெக்டர். பாண்டிச்சேரி மிஷன் மடத்துக்குப் போய், அங்கே கிடந்த கைப்பிரதிகளை எடுத்துப் பார்த்தார். ‘எசூர் வேத’மும் அதே ரகத்தில் இன்னும் பல ‘வேதங்களும்’ இருந்தன. எதிலும் வேதத்தில் உள்ளது எதுவும் இல்லை, கிறிஸ்தவப் பிரசாரத்துக்காக எழுதியவை. எல்லிஸ் 1819-இல் இறந்துபோனார், அவர் கட்டுரை 1822-இல் கல்கத்தாவில் அச்சானது. வால்டேர் இறந்து அப்போது 44 ஆண்டு ஆகியிருந்தது.